ஆட்சேபம் எதுவும் வரவில்லை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
19 ஜனவரி 2025

மலர்,

உன் போன் நம்பர் என்னிடம் இல்லை. இப்போது எங்கே குடியிருக்கிறாய் என்றும் தெரியாது. அதனால் நீ வேலை செய்கிற பண்டார் லிண்டோங் நகராண்மைக் கழகத்துக்கே இதை அனுப்புகிறேன். அந்த முகவரி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று கடைசியில் சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை ஜனவரி 16. நிவாஷினி போய் ஆறு வருஷம். வழக்கம்போல லீவு போட்டுவிட்டு, ஒரு பால் பாக்கெட்டும் ஒரு முழம் மல்லிகையும் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். லிண்டோங் தோட்டத்து இடுகாட்டுக்குப் போகிற செம்மண் பாதையில் தகர வேலி அடித்திருந்தார்கள். வேலி இடுக்கில் நுழைந்து பார்த்தேன். இடுகாடு இல்லை மலர். பந்துத் திடல் அளவுக்கு ஒரு பள்ளம். அடியில் மஞ்சள் தண்ணீர்.

எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிறவர் நம் ஆள்தான். என்னைப் பார்த்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கத்தினார்.

"அண்ணே, உள்ள வராதீங்க லா! மண்ணு சரியும்!"

"இங்க சுடுகாடு இருந்துச்சே?"

"அதெல்லாம் நவம்பர்லயே எடுத்தாச்சு அண்ணே. யாரும் கேட்டு வரலன்னு சொன்னாங்க."

யாரும் கேட்டு வரவில்லையாம். மறுநாள் உங்கள் ஆபீஸ் கவுன்டரில் போய் நின்றேன். ஒரு மலாய்க்காரப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "நோட்டிஸ் டா தம்பால், என்சிக்," என்றாள். செப்டம்பரிலேயே ஒட்டியாகிவிட்டதாம். பதினான்கு நாள் இருந்ததாம். ஆட்சேபம் எதுவும் வரவில்லை, அதனால் கூட்டத்தில் முடிவெடுத்துவிட்டார்களாம். அந்த நோட்டிஸின் நகல் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தாள். கடைசி வரியில், விவரம் வேண்டுவோர் தொடர்புகொள்ள வேண்டியவர் என்று ஒரு பெயர். புவான் தவமலர் முனுசாமி, கூட்டச் செயலகப் பிரிவு.

உன் பெயர், மலர்.

என்மேல் உனக்குக் கோபம் இருக்கட்டும். நான் உன்னைச் சொன்ன சொல்லுக்கு நீ என்னை எவ்வளவு வேண்டுமானாலும் தண்டிக்கலாம். ஆனால் அவள் உன் வயிற்றில் பிறந்தவள். அந்தத் தாளை எப்படி ஒட்டினாய்?

லோகன்

•

தாமான் செந்தோசா, கிள்ளான்
26 ஜனவரி 2025

நிவா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு வந்தது. உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. கழிப்பறையில் நின்று படித்தேன். பிறகு மூன்று நாள் மருத்துவ விடுப்பு.

ஒன்றை மட்டும் முதலில் கேட்கிறேன். லிண்டோங் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த லிண்டோங்? நீங்கள் பந்திங் என்றல்லவா சொன்னீர்கள்? "அப்பா பக்கத்துலயே வச்சிருக்கேன், கல்லு போட்டு பேரு வெட்டியிருக்கேன்" என்று நம் வீட்டு வாசலில் நின்று சொன்னீர்கள். உங்கள் காலில் அப்போது சேறு இருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

என்னையும் ஒருமுறை கூட்டிப்போங்கள் என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்! பொம்பளைகள் அங்கே வரக்கூடாது என்று உங்கள் அம்மா சொன்னார். நீங்களும் தலையைக் குனிந்துகொண்டீர்கள். முப்பதாம் நாள் படையலின்போது மறுபடியும் கேட்டேன். அப்போதுதான் நீங்கள் அதைச் சொன்னீர்கள். "காய்ச்சல ஒழுங்கா கவனிச்சிருந்தா அங்க போற வேலையே இருந்திருக்காது." அந்த வார்த்தைக்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு மூச்சு விட இடம் இல்லை. வந்துவிட்டேன்.

நோட்டிஸை எப்படி ஒட்டினேன் என்று கேட்டீர்கள். நான்காவது மாடியில், கூட்ட அறைக்கு வெளியே, கண்ணாடி போட்ட பலகை ஒன்று இருக்கிறது. சாவி என்னிடம்தான். செப்டம்பர் 2ஆம் தேதி காலை ஒன்பது மணிக்குத் திறந்தேன், நான்கு ஊசி குத்தினேன், பூட்டினேன். "லோட் 4471, வெள்ளத் தடுப்புக் குளம், இரண்டாம் கட்டம், நிலம் காலி செய்தல்." மலாயில் அவ்வளவுதான் இருந்தது. அந்த மாடிக்கு வர அலுவலக அட்டை வேண்டும். வெளியாள் யாரும் ஏற முடியாது. "கீழேயும் ஒன்று வைக்கட்டுமா, அந்த நிலத்திலும் ஒன்று ஒட்டட்டுமா?" என்று என் அதிகாரியிடம் கேட்டேன். ஆபீஸ் பலகை போதும், எப்போதும் அப்படித்தான் என்றார். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

பந்திங் என்று ஒரு சொல் அதில் இருந்திருந்தால் என் கை அந்த ஊசியைக் குத்தியிருக்காது. எனக்குத் தெரிந்தது லோட் நம்பர் மட்டும்தான்.

இனி ஆபீஸுக்கு எழுதாதீர்கள். மேலே இருக்கிற முகவரிக்கு எழுதுங்கள். போன் வேண்டாம்.

தவமலர்

•

பிரிக்பீல்ட்ஸ்
12 பிப்ரவரி 2025

மலர்,

பதில் எழுத இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நேற்று தைப்பூசம். பத்துமலைக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து நான்கு தாளைக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நான் உன்னிடம் சொன்னது பொய். கோபத்தில் முதல் கடிதம் எழுதியபோது அந்தப் பொய்கூட எனக்கு நினைவில் இல்லை. ஆறு வருஷமாக நான் போய்வந்த இடம் எல்லாருக்கும் தெரிந்த இடம் போலவே எழுதிவிட்டேன்.

அன்று பந்திங்குக்குத்தான் கிளம்பினோம். நானும் என் கூட்டாளி கன்னையாவும், அவன் வேனில். விடியற்காலையிலிருந்து மழை. தோட்டத்துக்குப் போகிற சடக்கில் இடுப்பளவு தண்ணீர், வாசல் கேட்டும் பூட்டியிருந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அவளை மடியில் வைத்துக்கொண்டு நான் வேனில் இருந்தேன். திருப்பி வீட்டுக்குக் கொண்டுவந்தால் நீ என்ன ஆவாய் என்று பயம். கன்னையாவின் பெரியப்பாவை லிண்டோங்கில் புதைத்திருந்தார்கள். அங்கே போகலாம் என்றான், போனோம். நம் சனம் ஒருவர்கூட இல்லாத மண். அதை உன்னிடம் எப்படிச் சொல்வது? தாத்தா பக்கத்தில் இருக்கிறாள் என்றால் நீ தூங்குவாய் என்று நினைத்தேன். அன்றைக்கு ஒரு நாளைக்குத்தான் அந்தப் பொய். மறுநாள் திருத்தியிருக்க வேண்டும்.

கல்லும் வைக்கவில்லை. தலைமாட்டில் ஒரு செங்கல் மட்டும். அடுத்த வருஷம் வைக்கலாம், அடுத்த வருஷம் வைக்கலாம் என்று போய்விட்டது. கல் வைத்தால் பெயர் வெட்ட வேண்டும். கடைக்காரர் பெயர் என்ன, வயசு என்ன என்று கேட்பார். ஒரு வருஷம் நாலு மாசம் என்று நான் வாயால் சொல்ல வேண்டும். இரண்டு தரம் கடை வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன். செங்கல்லும் மண்ணுக்குள் போய்விட்டது. ரம்புத்தான் மரத்திலிருந்து வாய்க்கால் பக்கம் பதினோரு எட்டு. அந்தக் கணக்கு வைத்துத்தான் போய்ப் பால் ஊற்றுவேன்.

உனக்கு நோட்டிஸ் தெரியும், எனக்கு இடம் தெரியும். ஒரே வீட்டில் இருந்திருந்தால் ஒருநாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் வந்திருக்கும். லிண்டோங்கில் குளம் வெட்டப்போகிறார்கள் என்று நீ சொல்லியிருப்பாய். என் கை தட்டிலேயே நின்றிருக்கும்.

காய்ச்சலைப் பற்றி நான் சொன்னதும் பொய்தான். இரண்டு நாள் நீ கண் மூடவில்லை. எனக்குத் தெரியும்.

எடுத்த குழிகளை எங்கே கொண்டுபோனார்கள் என்று உங்கள் பைலில் இருக்குமா? அவளும் அதில் இருக்கிறாளா என்று பார்த்துச் சொல்.

லோகன்

•

கிள்ளான்
18 பிப்ரவரி 2025

நிவா அப்பாவுக்கு,

பைலை எடுத்துப் பார்த்தேன். குத்தகைக்காரரின் அறிக்கை நாற்பத்து இரண்டு பக்கம். முப்பத்தொரு குழிகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். சிலதில் கல், சிலதில் சூலம், ஒன்றில் சிமெண்டில் பதித்த பீங்கான் தட்டு. எல்லாவற்றையும் வேறொரு மயானத்தில் ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். சின்னக் குழி ஏழு இருந்தது. ஏழிலும் ஏதோ ஓர் அடையாளம் இருந்தது.

கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி: "அடையாளம் இல்லாதவை கணக்கில் சேர்க்கப்படவில்லை."

அவள் எங்கேயும் கொண்டுபோகப்படவில்லை. உங்களுக்குப் புரியும் என்பதால் இதற்குமேல் எழுதவில்லை.

உங்கள் பொய்யைப் படித்தேன். படித்துவிட்டு என் பொய்யையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லோட் நம்பர் மட்டும்தான் தெரியும் என்று எழுதினேன். அது முழு உண்மை அல்ல. நோட்டிஸில் அவ்வளவுதான் இருந்தது. ஆனால் கூட்டத்துக்கான இணைப்புத் தாள்களை அடுக்கிக் கட்டுவது நான்தான். அதில் 'குபூர்' என்ற சொல்லைச் செப்டம்பரிலேயே பார்த்தேன். கல்லறைகள் என்று தெரியும். முப்பத்தொன்று என்றும் தெரியும். யாரோ, பாவம் என்று நினைத்தேன். பதினான்கு நாளும் அந்தப் பலகையைக் கடந்துதான் டீ குடிக்கப் போனேன். அந்த யாரோவுக்கும் அப்பா அம்மா இருப்பார்கள், அவர்கள் நான்காவது மாடிக்கு வர முடியாது என்பது எனக்குத் தெரியாமலா இருந்தது? அந்த நிலத்துக்குத் தாழ்வான பக்கத்தில் உள்ள அறுநூறு வீடுகளில் மழைக்குத் தண்ணீர் ஏறுகிறது, அந்தக் குளம் வேண்டியதுதான். ஆனால் ஒரு தாளைத் தமிழில் எழுதி அந்தச் செம்மண் பாதையில் ஓர் ஆணியில் மாட்டியிருந்தால் போதும். எனக்கு அரை மணி நேர வேலை. நம் பிள்ளை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு வலிக்கிறது. இதை நினைத்தால் என் முகத்தை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை.

வரும் 27ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு முழு மன்றக் கூட்டம். அந்த அறிக்கை அன்று மன்றத்துக்கு வருகிறது. முழு மன்றக் கூட்டத்துக்குப் பொதுமக்கள் வந்து உட்காரலாம். சட்டத்திலேயே இருக்கிறது. பின்வரிசையில் அதற்காகவே பன்னிரண்டு நாற்காலி போட்டிருக்கிறோம். ஐந்து வருஷத்தில் ஒருவர்கூட அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தேதி தெரிந்தால்தானே வருவார்கள்?

வாருங்கள். பேச அனுமதி கிடையாது, உட்காரலாம். கீழே வந்து நிற்கிறேன், என் அட்டையால் கதவைத் திறக்கிறேன்.

தவமலர்

•

பிரிக்பீல்ட்ஸ்
2 மார்ச் 2025

மலர்,

நான் செய்ததற்கு உனக்கு என்ன வந்ததோ என்று மூன்று நாளாகத் தவிக்கிறேன்.

கீழே காவலர் என்னை விடவில்லை. "மீட்டிங்கா? ஆபீஸ் ஆளுங்களுக்குத்தான் பாஸ்," என்றார். அப்போது நீ லிப்டிலிருந்து வந்தாய். உன்னைப் பார்த்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. முன்னால் கொஞ்சம் நரைத்திருக்கிறது. "பொதுமக்கள் வரலாம் அண்ணே, சட்டம் இருக்கு," என்று அவரிடம் சொன்னாய். லிப்டில் நீ கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கதவின் ரோலர் தேய்ந்து சத்தம் போட்டது. பதினெட்டு வருஷமாக லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். அந்தச் சத்தத்தையே கவனித்துக்கொண்டு வந்தேன். இல்லையென்றால் அங்கேயே அழுதிருப்பேன்.

பன்னிரண்டு நாற்காலியில் நான் ஒருவன். எல்லாரும் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் பாசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை லைசென்ஸ். அப்புறம் தெருவிளக்கு. அப்புறம் நம் விஷயம். தலைவர் தாளைப் புரட்டினார். முப்பத்தொரு கல்லறை மாற்றியாயிற்று, ஆட்சேபம் இல்லை, குறித்துக்கொள்கிறோம் என்றார். அடுத்த தாளுக்குப் போய்விட்டார். தரையிலிருந்து உங்கள் நான்காவது மாடிக்கு லிப்ட் ஏறுகிற நேரம்கூட ஆகவில்லை.

நான் எழுந்து நின்றது எனக்கே தெரியாது. "என்சிக், சிலா டுடோக்," என்று யாரோ உட்காரச் சொன்னார்கள். மலாய் எனக்கு நன்றாக வரும். அன்று வாயில் ஒரு சொல் வரவில்லை. "என் புள்ள அங்க இருந்துச்சு" என்று தமிழில்தான் வந்தது. அந்தத் தமிழ் உறுப்பினர், திருச்செல்வம் என்று மேசையில் பெயர் இருந்ததே, அவர் தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் உன்னைப் பார்த்து நான் என்ன சொன்னேன் என்று கேட்டார்.

அவருடைய பிள்ளை என்று நீ சொல்லியிருக்கலாம். உன் வேலைக்கு ஒன்றும் வந்திருக்காது. நீ பேனாவைக் கீழே வைத்தாய். "அனாக் காமி, துவான். அனாக் காமி அடா டி சித்து."

எங்கள் பிள்ளை. எங்கள் பிள்ளை அங்கே இருக்கிறாள்.

அதற்குள் காவலர் வந்து என் தோளைத் தொட்டுவிட்டார். கூட்டிப்போகும்போது, "சாரி பாஸ்" என்றார்.

இரண்டு விஷயம் கேட்கிறேன். 16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை என்னோடு லிண்டோங்குக்கு வருகிறாயா? எக்ஸ்கவேட்டர்காரரிடம் பேசிவிட்டேன், வேலியைத் திறந்துவிடுகிறேன் என்றார். யார் என்ன சொன்னாலும் உன்னைக் கூட்டிப்போகிறேன். அவள் இருக்கும் இடத்தைக் காட்டுகிறேன்.

இன்னொன்று, திரும்பி வந்துவிடேன்.

லோகன்

•

கிள்ளான்
23 மார்ச் 2025

நிவா அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காரில் பேச முடியாததை எழுதுகிறேன்.

என் வேலை போகவில்லை. சொந்த விஷயத்தைக் கூட்டத்தில் பேசியதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தேன். கீழ்த்தளத்தில் பழைய பைல் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைய கூட்டக் குறிப்பை நான்தான் முதலில் தட்டச்சு செய்தேன். "பொதுமக்களில் ஒருவர், தம் குழந்தை அந்நிலத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்ததாகத் தெரிவித்தார்" என்று ஒரு வரி சேர்த்தேன். திரும்பி வந்த தாளில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். திருச்செல்வம் பிறகு என்னைத் தேடிக் கீழே வந்தார். "இனிமே அந்த எடத்துலயே நோட்டிஸ் ஒட்டணும், தமிழ்லயும் இருக்கணும்னு கேட்டு எழுதியிருக்கேன் தங்கச்சி. பாப்போம்," என்றார். நடந்தால் நல்லது. இன்னும் யாருக்காவது பயன்படும்.

நீங்கள் வேலியருகே நின்று கை நீட்டி, "அங்க" என்றீர்கள். பிறகு, "இல்ல இல்ல, கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றீர்கள். மரம் எங்கே இருந்தது என்று அந்த ஓட்டுநரைக் கேட்டீர்கள். அவருக்கும் தெரியவில்லை. கரையில் எட்டு வைத்து எண்ணிப் பார்த்தீர்கள். ஏழாவது எட்டில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டீர்கள். "தெரியல மலர், தெரியல" என்றீர்கள். உங்கள் தலையில் கை வைக்க வேண்டும் என்று தோன்றியது. என் கை எழவில்லை. அதற்காக என்னை மன்னியுங்கள்.

மல்லிகையைத் தண்ணீரில் போட்டேன். காற்று அதைக் கரைக்கே கொண்டுவந்தது.

திரும்பி வரச் சொன்னீர்கள். ஒரு வாரம் யோசித்தேன். முடியாது. கோபத்தால் சொல்லவில்லை, அது கரைந்துவிட்டது. ஆனால் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குளம்தான் தெரியும். உங்களுக்கும் என்னைப் பார்த்தால் அந்தப் பலகை தெரியும். இரண்டையும் ஒரு வீட்டுக்குள் வைத்துக்கொண்டு எப்படிச் சமைத்துச் சாப்பிடுவது?

எனக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். அன்று காலை என் கையிலிருந்து அவளை வாங்கிக்கொண்டு போனீர்கள். என்ன சட்டை போட்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் தெரியாது. நீங்களும் கன்னையாவும் மட்டும்தான் அங்கே இருந்தீர்கள். கன்னையாவும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று காரில் சொன்னீர்கள். இனி உங்களை விட்டால் யாரும் இல்லை. எழுதுங்கள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எதையும் சேர்க்காதீர்கள்.

தவமலர்

•

பிரிக்பீல்ட்ஸ்
30 மார்ச் 2025

மலர்,

நீ சொன்னது புரிந்தது. இனி அதைக் கேட்கமாட்டேன்.

லிண்டோங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி இருக்கும். மழை குறைந்திருந்தது, நிற்கவில்லை. கன்னையா மண்வெட்டி எடுத்து வந்திருந்தான். ரம்புத்தான் மரத்தடியில் வேர் அதிகமாக இருந்தது, அதனால் தள்ளிப் போய் வெட்டினான். நான் மரத்தடியில் அவளை மார்போடு வைத்துக்கொண்டு நின்றேன். உன் மஞ்சள் துண்டில்தான் சுற்றியிருந்தாய். துண்டு நனையக்கூடாது என்று என் சட்டையைக் கழற்றி மேலே போர்த்தினேன். அவள் கனமே இல்லை. முந்தின நாள் தூக்கியபோது இருந்த கனம் எங்கே போயிற்று என்று திரும்பத் திரும்ப அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதிரி கேள்விதான். நீ எதையும் மறைக்க வேண்டாம் என்றதால் எழுதுகிறேன்.

குழிக்குள் தண்ணீர் ஊறியது. கன்னையா இரண்டு தரம் டப்பாவால் இறைத்தான். "இறக்கிடு லோகா, இனி தாங்காது," என்றான். நான் குழிக்குள் இறங்கி அவளை வைத்தேன். அடியில் என் சட்டையை விரித்திருந்தேன். மந்திரம் சொல்ல ஆள் இல்லை. எனக்குத் தேவாரமும் தெரியாது. நீ அவளைத் தூங்க வைக்கச் சொல்லுவாயே, "நிவா தூங்கு, நிலா தூங்கு" என்று, அதைச் சொன்னேன். கன்னையா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மண் தள்ளும்போது முகத்தில் விழக்கூடாது என்று என் உள்ளங்கையை அவள் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு குழி ஓரத்தில் குப்புறப் படுத்திருந்தேன். கன்னையா காலிலிருந்து ஆரம்பித்தான். மெதுவாகத்தான் தள்ளினான். மண் என் முழங்கைவரை வந்தது, தெரியும். கன்னையா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் தெரியும்.

கையை எப்போது எடுத்தேன் என்றுதான் தெரியவில்லை, மலர்.

லோகன்